தன் தெருவுக்குப் பாடியவர்

2018 அக்டோபர் 23. பிரேசிலின் அதிபர் தேர்தலில் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாள் பாக்கி. ரியோ டி ஜெனிரோவின் லாப்பா பகுதியில் தொழிலாளர் கட்சியின் பெருங்கூட்டம். மேடையில் வேட்பாளர் ஃபெர்னாண்டோ ஹடாட், அவரோடு சிகோ புவார்கி, கயெட்டானோ வெலோசோ போன்ற பெரும் இசைக் கலைஞர்கள். கூட்டம் பாட்டும் கொடியுமாகக் களைகட்டியிருந்தது. ஒலிவாங்கி மானோ பிரவுன் கைக்கு வந்தது. அவர் வாழ்த்தவில்லை. இங்கே கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டார். மக்கள் பேச்சைப் புரிந்துகொள்ளத் தவறிய கட்சி தோற்கத்தான் செய்யும் என்றார். தன்னோடு நேற்றுவரை அன்பாகப் பழகியவர்கள் எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போட்டதாலேயே அரக்கர்களாகிவிட்டார்கள் என்று நம்பத் தான் தயாரில்லை என்றும், அடித்தட்டு மக்களிடம் திரும்பிப் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. கயெட்டானோ அவர் பக்கம் நின்று பேசினார். ஐந்து நாள் கழித்து 55 விழுக்காடு வாக்குகளுடன் ஜயிர் போல்சனாரோ வென்றார்.

அன்று பலருக்கு அது நேரங்கெட்ட பேச்சாகப் பட்டது. ஆனால் அவருடைய முப்பதாண்டு இசை வாழ்க்கையை அடுக்கிப் பார்த்தால், அவர் அங்கே வேறெதைப் பேசியிருக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது. பிரேசிலின் ராப் இசையில் முதன்மையான பெயரான மானோ பிரவுனை ஊடகங்கள் வழக்கமாக “விளிம்பின் குரல்” என்று எழுதும். அந்தப் பட்டத்தில் ஒரு தவறான அனுமானம் ஒளிந்திருக்கிறது. விளிம்பில் இருப்பவர்களுக்காக மேலே இருப்பவர்களிடம் போய் முறையிடுபவர் இவர் என்று அது நினைக்கவைக்கிறது. அவர் பாட்டின் முகம் எப்போதும் எதிர்த்திசையில்தான் இருந்தது. தன் தெருவைப் பார்த்து, தன் வயதுப் பையன்களைப் பார்த்து அவர் பாடினார். மற்றவர்கள் அதை ஒட்டுக்கேட்டார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவருடைய வெற்றி, பிடிவாதம், தவறு மூன்றுக்கும் பொருள் கிடைக்கிறது.

பெத்ரோ பாவ்லோ சோரெஸ் பெரெய்ரா என்பது அவருடைய இயற்பெயர். 1970 ஏப்ரல் 22-ல் பிறந்தவர். வடகிழக்கில் இருக்கும் பாஹியா மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தாய், தனியாளாக மகனை வளர்த்தார். வெள்ளையரான தந்தையை மகன் அறிந்ததில்லை. சாவோ பாவ்லோவின் தெற்கு எல்லையில் இருக்கும் கப்பாவ் ரெடோண்டோதான் அவர்களுடைய இடம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆலைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் லட்சக்கணக்கானோரை இழுத்த மாநகரம், அவர்களுக்கு வீடு தரவில்லை. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த மேட்டு நிலங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செங்கல் அடுக்கிக் கட்டிக்கொண்ட வீடுகளால் ஆனவை இப்படிப்பட்ட பகுதிகள். வேலைக்குப் போக மணிக்கணக்கில் பேருந்து. வழியில் போலீஸ் சோதனை. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888-ல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில். ஒழித்தபின் விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ பள்ளியோ தரவில்லை. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1988-ல், ராணுவ ஆட்சி முடிந்து புதிய அரசியல் சட்டம் வந்த அதே ஆண்டில் ‘ரசியொனாய்ஸ் எம்சீஸ்’ குழு உருவானது.

குழுவில் நால்வர். தெற்கிலிருந்து பிரவுனும் அவருடைய பால்ய நண்பர் ஐஸ் புளூவும். நகரின் வடக்கிலிருந்து எடி ராக், இசைத்தட்டுகளை இயக்கும் கே.எல். ஜே. சாவோ பென்டோ மெட்ரோ நிலையத்தில் கூடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் மத்தியிலிருந்தும், வார இறுதிகளில் நடந்த கறுப்பின நடன அரங்குகளிலிருந்தும் கிளம்பி வந்தவர்கள். குழுவின் பெயரில் டிம் மாயாவின் 1975-ஆம் ஆண்டு ‘ராசியொனால்’ இசைத்தட்டின் சாயல் இருக்கிறது. பிரவுன் என்ற பெயரில் ஜேம்ஸ் பிரவுன் இருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் அவர் சோல் இசைக்குப் போனபோது கட்சி மாறிவிட்டார் என்று வருந்தியவர்கள், அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதை மறந்தவர்கள்.

தொடக்கத்திலேயே பேச்சு யாரோடு என்பது தெளிவாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் மேயர் லூயிசா எருண்டினாவின் நிர்வாகம் ராப் பாடகர்களை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்றது. கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரி அதே நிர்வாகத்தில்தான் சிறிது காலம் கல்விச் செயலராக இருந்தார். ரசியொனாய்ஸ் குழுவினர் வகுப்பறைகளில் மாணவர்களோடு இனவெறியையும் போலீஸையும் பற்றிப் பேசினார்கள். கறுப்பினப் பெண்கள் 1988-ல் நிறுவிய ‘ஜெலெடெஸ்’ அமைப்போடும் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. 1993-ல் ‘ராயோ எக்ஸ் டோ பிரசில்’ தொகுப்பு வந்தது. நாட்டை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுகிறோம் என்பதுதான் தலைப்பு. நகரத்தின் பேரிரைச்சலுக்கு நடுவே அந்தத் தொகுப்பின் பாடல்கள் தெருத்தெருவாகப் பரவின.

இவர்கள் குற்றத்தைக் கொண்டாடுகிறார்கள், போலீஸ் மீது வெறுப்பை வளர்க்கிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது. 1994-ல் நடுநகரின் அன்யங்கபாவு பள்ளத்தாக்கில் நடந்த நிகழ்ச்சியில் வன்முறையைத் தூண்டியதாகச் சொல்லி அவர்களைப் போலீஸ் கைது செய்தது. இந்தப் புகாரைப் புறந்தள்ளிவிடக் கூடாது. பாடல்களில் துப்பாக்கி இருக்கிறது, வஞ்சம் இருக்கிறது, குற்றவாளியின் வாயிலிருந்தே கதை வருகிறது. ஆனால் கதைகள் எங்கே போய் முடிகின்றன என்று பார்க்க வேண்டும். 1993 தொகுப்பின் ‘ஓ ஓமெம் நா எஸ்த்ராடா’ பாடலில், சிறையிலிருந்து வெளியே வந்தவன் பழைய வாழ்க்கையை விட்டுவிட முயல்கிறான். பழைய பெயர் அவனை விடுவதில்லை. செய்யாத குற்றத்துக்காகத் தேடி வரும் போலீஸிடம் உயிரை விடுகிறான். பையன்களைக் குற்றத்துக்கு அழைக்க நினைப்பவன் இப்படியொரு கதையைச் சொல்லமாட்டான். அந்த வழியில் போனால் எது காத்திருக்கிறது என்பதை, அந்த வழிக்குத் தள்ளும் கைகள் யாருடையவை என்பதோடு சேர்த்துச் சொல்கிறது பாட்டு. 2007-ல், குற்றப் பொறுப்புக்கான வயதைக் குறைக்கும் முயற்சியை எதிர்த்துப் பேசிய செனட்டர் எதுவார்டோ சுப்லிசி, இந்தப் பாடல் வரிகளையே செனட் குழுவில் நடித்துக் காட்டுவதுபோல ஒப்பித்தார். புள்ளிவிவரத்தை விட அழுத்தமான சாட்சியம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

சாட்சியம் என்ற சொல்லை இங்கே யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். 1992 அக்டோபர் 2-ல் சாவோ பாவ்லோவின் கரந்திரு சிறையில் ஒன்பதாம் கட்டடத்தில் கைதிகளுக்குள் சண்டை மூண்டு கலவரமானது. ராணுவ போலீஸ் உள்ளே நுழைந்தது. 111 கைதிகள் கொல்லப்பட்டார்கள். போலீஸ் தரப்பில் ஒருவரும் சாகவில்லை. மறுநாள் உள்ளாட்சித் தேர்தல். வாக்குப்பதிவு முடியும்வரை முழு எண்ணிக்கை வெளியே வரவில்லை. நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய கர்னல் உபிரத்தான் கிமராயெஸ் பின்னாளில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். தேர்தலில் அவர் பயன்படுத்திய வேட்பாளர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 111. 2001-ல் அவருக்கு 632 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 2006-ல் அது ரத்தானது. எழுபதுக்கும் மேற்பட்ட போலீஸாருக்கு 2013, 2014-ல் கிடைத்த தண்டனைகளை 2016-ல் மாநில நீதிமன்றம் செல்லாது என்றது. பதவிக் காலத்தின் கடைசி மாதமான 2022 டிசம்பரில் போல்சனாரோ அவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். சிறைக் கட்டடங்கள் பெரும்பாலும் 2002-லேயே இடிக்கப்பட்டுவிட்டன. அந்த இடத்தில் இப்போது இளைஞர் பூங்கா ஒன்று இருக்கிறது. ஆக, சட்டமும் இடமும் அந்த நாளை அழிக்கத் தங்களால் ஆனதைச் செய்துவிட்டன. கோடிக்கணக்கானோர் மனத்தில் அந்தத் தேதியை நிறுத்தியிருப்பது 1997-ல் வெளியான ‘டியாரியு டி உம் டெடென்டு’ என்ற பாட்டு. ஒரு கைதியின் நாட்குறிப்பு அது.

அந்தப் பாட்டு பிறந்த விதமே என் வாதத்துக்கு முக்கியமான ஆதாரம். கரந்திருவுக்குள் போய்வந்த பிரவுன், ஜோசெனிர் என்ற கைதி எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்தார். அவற்றை எடுத்துப் பாடலாக்கினார். எழுதியவர் பெயரில் ஜோசெனிரும் இடம்பெற்றார். 2001-ல் அவர் அதே தலைப்பில் தன் புத்தகத்தையும் வெளியிட்டார். ஒரு பிரபலப் பாடகர் சிறைவாசியின் துயரத்தை எடுத்துத் தன் பெயரில் விற்றுக்கொண்டார் என்று சொல்ல இங்கே இடமில்லை. பாட்டின் நடையும் அப்படியே. சீற்றத்தோடு தொடங்காமல், படுகொலைக்கு முந்தைய நாளின் சலிப்போடு தொடங்குகிறது. காவல் கோபுரம், பார்வை நாள், வழக்கு எப்போது முடியும் என்ற ஏக்கம், சக கைதிகள் மீதான அச்சம் என்று ஏழு நிமிடத்துக்கும் மேல் ஒருவன் தன் பொழுதை எண்ணிக்கொண்டே போகிறான். கொலை வரும்போது, கேட்பவருக்கு இறந்தவர்கள் எண்ணிக்கையாக இல்லாமல் அறைத்தோழர்களாக ஆகியிருக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் தொனியில் எழுதியிருந்தால் இந்தப் பாட்டு அடுத்த ஆண்டே பழசாகியிருக்கும்.

அதே படுகொலை இன்னொன்றையும் பெற்றெடுத்தது. 1993-ல் தவ்பாத்தே சிறையில் உருவான ‘பி.சி.சி.’ என்ற குற்றக் கும்பல், தன் விதிமுறை ஏட்டிலேயே கரந்திருவைக் குறிப்பிடுகிறது. இன்று அது பிரேசிலின் மிகப் பெரிய குற்றக் குழு. 2006 மே மாதம் அது போலீஸைத் தாக்க, பதிலடியும் பழிவாங்கலுமாகப் பத்து நாட்களில் சாவோ பாவ்லோ மாநிலத்தில் 500 பேருக்கும் மேல் செத்தார்கள். பெரும்பாலோர் விளிம்புப் பகுதிகளின் இளைஞர்கள். ஒரே காயத்திலிருந்து கிளம்பிய இரண்டு பதில்கள் இவை. கப்பாவ் ரெடோண்டோவின் ஒரு பையனுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பதை மறந்துவிட்டு அந்தப் பாடல்களின் கடுமையை எடைபோட முடியாது.

அந்தப் பாட்டைச் சுமந்த தொகுப்பு ‘சோப்ரெவிவென்டோ நோ இன்ஃபெர்னோ’. நரகத்தில் உயிர்பிழைத்திருப்பது பற்றியது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. கறுப்பு அட்டையில் ஒரு சிலுவை, 23-ஆம் சங்கீதத்திலிருந்து சில சொற்கள். பெரிய நிறுவனங்களை நாடாமல் ‘கோசா நோஸ்ட்ரா’ என்ற தங்கள் சொந்த நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சியான குளோபோவின் அழைப்புகளை மறுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கும் போகவில்லை. அப்படியிருந்தும் 15 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. தெருவோரத் திருட்டுப் பிரதிகள் இதில் சேராது. 1998-ல் எம்.டி.வி. பிரேசில் விருது விழாவில் பார்வையாளர் வாக்கெடுப்பில் ‘டியாரியு’ காணொளி முதலிடம் பெற்றது. அந்த மறுப்பே ஒரு விளம்பர உத்தி என்று சொன்னவர்கள் உண்டு; வெள்ளை நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளும் அந்தத் தொகுப்பை வாங்கினார்கள் என்பதைச் சுட்டிக்காட்டுவார்கள். வாங்கியது உண்மை. ஆனால் உத்தி என்றால் அதற்கு ஒரு கட்டத்தில் பலன் எடுத்திருக்க வேண்டும். தொலைக்காட்சியும் பெருநிறுவனமும் மிக அதிக விலை தரத் தயாராக இருந்த ஆண்டுகளில்தான் அவர்கள் மிகப் பிடிவாதமாக மறுத்தார்கள். மேலும், வாங்கியவர் யாராக இருந்தாலும் பாட்டில் “நீ” என்று அழைக்கப்படுபவன் மாறவில்லை. விளக்கவுரை, அடிக்குறிப்பு, மன்னிப்பு எதுவும் இல்லாமல் தன் பகுதியின் கொச்சைப் பேச்சிலேயே அவர் பாடிக்கொண்டு போனார். புரியாதவர் முயன்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இங்கே அவருக்கு எதிரான மிகக் கனமான குற்றச்சாட்டுக்கு வர வேண்டும். 1990-ல் வந்த முதல் தொகுப்பில் ‘முலியெரெஸ் வுல்கரெஸ்’ என்ற பாடல், பெண்களைப் பணத்துக்கு அலைபவர்களாகப் பழிக்கிறது. 2002 தொகுப்பிலும் அந்தப் பார்வை தொடர்கிறது. அந்தக் காலத்து ராப் எல்லாமே அப்படித்தான் என்று சமாதானம் சொல்வது போதாது. தன் தெருவோடு பேசுகிறேன் என்று சொல்பவருக்கு, அந்தத் தெருவின் பாதிப் பேர் பெண்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதிலும் தனியொரு தாய் வளர்த்த மகனுக்கு. அவருடைய “நீ” நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தாய் புனிதமானவர், மற்ற பெண்கள் சந்தேகத்துக்குரியவர்கள் என்ற பழைய பிரிவினை பல பாடல்களில் அப்படியே கிடக்கிறது. இந்தக் குறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பின்னாளைய மாற்றத்துக்கு ஆதாரங்கள் இருக்கின்றன: குழுவின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து அதைத் தொழில்முறையில் நிலைநிறுத்தியவர் பிரவுனின் மனைவியும் வழக்கறிஞருமான எலியானி டியாஸ்; ஜெலெடெஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான சிந்தனையாளர் சுவெலி கர்னெய்ரோவைத் தன் உரையாடல் நிகழ்ச்சிக்கு அழைத்து, 2022-ல், மாணவனைப் போல எதிரில் அமர்ந்து நெடுநேரம் கேட்டார் பிரவுன். இவை பழைய பாடல்களை அழித்துவிடாது. கேட்கப் பழகிய ஒருவரை அடையாளம் காட்டும், அவ்வளவே.

அவருக்கு வேண்டியவர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் நான் ஏற்கவில்லை. சாவோ பாவ்லோ மாநிலத்தில் 1999-ல் லட்சம் பேருக்கு 35 என்ற அளவில் இருந்த கொலை விகிதம், 2010-களின் நடுவில் பத்துக்கும் கீழே இறங்கியது. இதில் ராப்புக்குப் பங்குண்டு என்று ஆர்வத்தோடு சொல்வார்கள். 2003-ஆம் ஆண்டின் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், இளைஞர் தொகை குறைந்தது, போலீஸ் நிர்வாக மாற்றங்கள், பி.சி.சி. தன் பகுதிகளில் விதித்த கொலைத் தடை என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைப் பேசுகிறார்கள். ஒரு பாட்டு எத்தனை உயிரைக் காத்தது என்று அளக்க வழியில்லை. அளந்ததாகச் சொல்வது பாட்டுக்கும் நல்லதல்ல. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. 2000-ல் கப்பாவ் ரெடோண்டோவைச் சேர்ந்த ஃபெரெஸ் ‘கப்பாவ் பெக்காடோ’ நாவலோடு வந்தார். 2001-ல் கவிஞர் செர்ஜியோ வாஸும் நண்பர்களும் ‘கூப்பெரிஃபா’ என்ற அமைப்பைத் தொடங்கி, விளிம்புப் பகுதியின் மதுக்கடை ஒன்றில் வாரந்தோறும் கவிதை வாசிக்கும் பழக்கத்தை உண்டாக்கினார்கள். தச்சரும் வீட்டுப் பணியாளரும் எழுந்து நின்று தாங்கள் எழுதியதைப் படிக்கிறார்கள். நம்முடைய பேச்சிலேயே நம்மைப் பற்றி எழுதலாம், அதைக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரரே போதும் என்ற துணிச்சலை அவர்களுக்கு முன்பே காட்டியிருந்தது ரசியொனாய்ஸ்.

2007 மே மாதம் நடுநகரின் சே சதுக்கத்தில், மாநகராட்சி நடத்திய விடிய விடியக் கலைவிழாவில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்கும் போலீஸுக்கும் மோதல் வெடித்து நிகழ்ச்சி நின்றது. அந்த விழாவுக்கு அவர்கள் மறுபடி வர 2013 வரை ஆனது. 2016-ல் பிரவுன் வெளியிட்ட தனித் தொகுப்பான ‘பூகி நாய்பி’ பலரைத் திகைக்க வைத்தது. காதல், நடனம், எழுபதுகளின் இசை. ரத்தமும் சிறையும் எங்கே என்று தேடினார்கள். கறுப்பின இளைஞன் சாவைப் பற்றி மட்டுமே பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு யாருடையது? நடன அரங்கிலிருந்து வந்தவர் நடன அரங்குக்குப் பாடினார். அவருடைய தெருவுக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

2021-ல் ஸ்பாட்டிஃபையில் ‘மானோ எ மானோ’ என்ற உரையாடல் நிகழ்ச்சியைத் தொடங்கினார். தொழிலாளர் கட்சித் தலைவர் லூலா வந்தார், கரந்திருவில் பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் டிராவ்சியோ வரெல்லா வந்தார். கறுப்பினத்தவராக இருந்துகொண்டே இட ஒதுக்கீட்டை எதிர்த்த வலதுசாரி அரசியல்வாதி ஃபெர்னாண்டோ ஹாலிடேயும் வந்தார். ஹாலிடேயை அழைத்ததற்காகக் கோபப்பட்டவர்கள் உண்டு. எதிரிக்கு மேடை தருவதா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் லாப்பா மேடையில் கட்சிக்காரர்களிடம் போய்க் கேளுங்கள் என்று சொன்னவர், தானும் போய்க் கேட்டாக வேண்டும். அந்த அரசியல்வாதியும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் தன் பகுதிகளைப் போன்ற பகுதிகளில் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர் அவர். குளோபோவை மறுத்தவர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பணத்தை வாங்கலாமா என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதான பதில் இல்லை. பழைய மறுப்பு சொந்த நிறுவனத்தால் சாத்தியமானது. இசைத்தட்டு விற்பனை செத்த பிறகு அந்தத் தரை எவருக்கும் மிஞ்சவில்லை. இது ஒரு விட்டுக்கொடுத்தல்தான்.

இனி அங்கீகாரங்கள். 2015-ல் சாவோ பாவ்லோ மேயராக இருந்த ஹடாட், போப் பிரான்சிஸுக்கு அந்த 1997 தொகுப்பைப் பரிசளித்தார். 2018-ல் உனிகாம்ப் பல்கலைக்கழகம், 2020 நுழைவுத் தேர்வுக்கான பாட நூல் பட்டியலில், போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஸின் பதினான்கடிப் பாக்களோடு அதைக் கவிதையாகச் சேர்த்தது. கம்பான்யா தாஸ் லெட்ராஸ் பதிப்பகம் பாடல்களைப் புத்தகமாக்கியது. 2023-ல் உனிகாம்ப் நால்வருக்கும் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க முடிவெடுத்தது. ஒருகாலத்தில் கைது செய்யப்பட்டவர்கள் இப்போது பாடத்திட்டத்தில். அரசும் உயர்வர்க்கமும் அவர்களை விழுங்கிவிட்டன, கோபத்தைத் தேர்வு வினாவாக்கிவிட்டன என்பது கடைசி மறுப்பு. இப்படி நினைப்பவர்கள் ஒரு தேதியைக் கவனிக்கவில்லை. உனிகாம்ப் இன அடிப்படையிலான இட ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் தந்தது 2017 நவம்பரில். கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய 2012-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஐந்தாண்டு கழித்து. அந்த முடிவு வந்த சில மாதங்களில்தான் தொகுப்பு பட்டியலில் ஏறியது. கறுப்பின, விளிம்புப் பகுதி மாணவர்கள் முன்னெப்போதும் இல்லாத எண்ணிக்கையில் உள்ளே நுழையத் தொடங்கிய அதே நேரம் அது. பிரவுன் பாடிய “நீ” இப்போது அந்த வகுப்பறையிலும் உட்கார்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் நால்வரும் அந்த வளாகத்துக்குப் போய் வகுப்பெடுத்தபோது அரங்கு நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பலர், தங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குள் முதல் முதலாகக் கால் வைத்தவர்கள்.